காது கேளாமையும் ஓய்வுநிலை மூளையும்: எம்.ஆர்.ஐ ஆய்வைத் தவறில்லாமல் நடத்துவது எப்படி?

சும்மா படுத்திருக்கும்போதும் மூளை சும்மா இருப்பதில்லை. 1995-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பரத் பிஸ்வாலும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் படமாகவே காட்டினார்கள். விரலைக்கூட அசைக்காமல் கருவிக்குள் படுத்திருந்தவர்களிடம், கையை இயக்கும் இடது பகுதியும் வலது பகுதியும் ஒன்றுக்கொன்று இசைந்து ஏறி இறங்கின. ஓர் அலை வந்துபோக 10 முதல் 100 விநாடி வரை எடுக்கும் மெதுவான ஏற்ற இறக்கம் அது. ரத்தத்தில் ஆக்சிஜன் கூடிக் குறைவதை வைத்து எம்.ஆர்.ஐ அதைப் பிடிக்கிறது.

காது கேட்காமல் போனால் இந்த ஏற்ற இறக்கம் எப்படி மாறும்? எந்தப் பகுதி அடங்கும், எது கூடும், எந்தெந்தப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு தளரும்? இதை ஆராய முனையும் ஆடியாலஜி, ரேடியாலஜி, நரம்பியல் மாணவர்களுக்கான செய்முறை இது. முதலில் ஒரு சிக்கலை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். எம்.ஆர்.ஐ கருவி பெரும் இரைச்சல் போடும். நன்றாகக் காது கேட்பவருக்கு அது ஓய்வே இல்லை. எட்டு நிமிடம் தொடர்ந்து காதில் அடிக்கும் சத்தம். அறவே கேட்காதவருக்கோ அது ஏறக்குறைய நிசப்தம். இரண்டு குழுக்களையும் "ஓய்வில்" படம் எடுத்தோம் என்று எழுதிவிட்டு, வேறுபாடு முழுவதையும் மூளை மாற்றத்தின் கணக்கில் எழுதுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. கீழே சொல்லும் படிகளில் பாதி அதைத் தவிர்க்கத்தான்.

யாரைச் சேர்ப்பது

"காது கேளாதவர்கள்" என்று ஒரே குழுவாகச் சேர்க்கவே கூடாது. பிறவியிலேயே கேளாதவர், பேச்சு வந்த பிறகு கேள்திறன் இழந்தவர், வயதால் மெல்ல மெல்லக் குறைந்தவர், ஒரே நாளில் ஒரு காது அடைத்துப்போனவர் ஆகிய நால்வரின் மூளையும் நான்கு வெவ்வேறு கதைகளைச் சொல்லும். ஓர் ஆய்வுக்கு ஒரு வகை போதும்.

இங்கே எடுத்துக்காட்டாக வயதால் வரும் இரு காதுக் குறைபாட்டை வைத்துக்கொள்வோம். நோயாளிகள் கிடைப்பது எளிது. முடிவுக்கும் பயன் உண்டு, ஏனென்றால் மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் கேள்திறன் குறைவை 2017, 2020, 2024 ஆகிய மூன்று லான்செட் (மருத்துவ இதழ்) ஆணைக்குழு அறிக்கைகளும் சேர்த்திருக்கின்றன. ஒரு காது மட்டும் பாதிக்கப்பட்டவர்களை எடுத்தால் இன்னொரு கவனம் தேவை. இடது காது போனவர்களையும் வலது காது போனவர்களையும் ஒரே குழுவில் கலக்கக் கூடாது. சிலர் படத்தை இடம் வலமாகப் புரட்டி எல்லாரையும் ஒரே பக்கமாக்கிவிடுகிறார்கள். மொழி பெரும்பாலானோருக்கு இடது மூளையில் இருப்பதால், அப்படிப் புரட்டினால் பேச்சுப் பகுதிகள் தாறுமாறாகும்.

விலக்க வேண்டியவர்கள்: நடுக்காது நோய் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், தலையில் பலத்த அடிபட்டவர்கள், காதை நஞ்சாக்கும் மருந்து எடுத்தவர்கள், மனநல மருந்து எடுப்பவர்கள். ஒரு காது மட்டும் குறைந்தவரிடம் செவி நரம்புக் கட்டி இல்லை என்று படத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். காக்லியர் இம்ப்ளான்ட் (கேட்க உதவ உள்காதில் பொருத்தும் மின் கருவி) வைத்தவருக்கு எம்.ஆர்.ஐ கூடவே கூடாது என்றில்லை. ஆனால் அவர் வைத்திருக்கும் மாடல் எந்தக் காந்த வலிமை வரை அனுமதிக்கப்பட்டது என்பதைத் தயாரிப்பாளரின் ஆவணத்தில் பார்க்காமல் உள்ளே விடக் கூடாது. அனுமதி இருந்தாலும் இம்ப்ளான்ட் காந்தம் அந்தப் பக்கப் படத்தில் பெரிய கருந்துளையை உண்டாக்கும். நீங்கள் தேடும் செவிப்புலப் புறணி (மூளையில் ஒலியைக் கையாளும் பகுதி) பெரும்பாலும் அந்தக் கருமைக்குள்ளேயே போய்விடும். அவர்களுக்கு வேறு வழி உண்டு, பின்னால் வருகிறது.

காதை முதலில் அளந்து முடியுங்கள்

மூளைப் படத்துக்குக் கொடுக்கும் மரியாதையை, கேள்திறனை அதிர்வெண்வாரியாகக் காட்டும் ஆடியோகிராம் வரைபடத்துக்கும் கொடுங்கள். ஓட்டோஸ்கோப்பில் பார்த்து, குறும்பி இருந்தால் எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். பிறகு டிம்பனோமெட்ரி, அதாவது செவிப்பறையும் நடுக்காதும் சரியாக இயங்குகின்றனவா என்ற சோதனை. அடுத்து 250, 500, 1000, 2000, 4000, 8000 ஹெர்ட்ஸில் காற்று வழியும் (ஹெட்போனில்), 500 முதல் 4000 வரை எலும்பு வழியும் (மண்டையோட்டில் அதிர்வு கொடுத்து) பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 10 டெசிபலைத் தாண்டினால் நடுக்காதுப் பக்கம் சிக்கல் இருக்கக்கூடும். அவரை இந்த ஆய்வில் சேர்க்க வேண்டாம்.

இரு காதுக்கும் வேறுபாடு அதிகமென்றால் மாஸ்கிங், அதாவது அளக்காத காதில் இரைச்சல் கொடுத்து அதை மறைப்பது, கட்டாயம். சாதாரண ஹெட்போனில் ஒரு காதுக்கு 40 டெசிபல் கூடுதலாகப் போனாலே ஒலி மண்டையோட்டு வழியாக மறு காதுக்குக் கசியத் தொடங்கும். மாஸ்கிங் இல்லாமல் அளந்தால், அறவே கேட்காத காதும் பாதி கேட்பதுபோல் வரைபடத்தில் பொய்யாகத் தெரியும்.

500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் நான்கின் சராசரியை எடுத்துத் தரம் பிரியுங்கள். உலக சுகாதார அமைப்பின் 2021 அறிக்கைப்படி 20 டெசிபலுக்குக் கீழ் இயல்பு. 20 முதல் 35-க்குள் லேசானது, 35 முதல் 50-க்குள் மிதமானது, 50 முதல் 65-க்குள் சற்றுக் கடுமையானது, 65 முதல் 80-க்குள் கடுமையானது, 80 முதல் 95-க்குள் மிகக் கடுமையானது, அதற்கு மேல் முழுமையானது. ஆனால் சராசரியை மட்டும் பதிந்து நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு அதிர்வெண் அளவையும் தனித்தனியாகப் பதிந்து வையுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

ஒப்பீட்டுக் குழுவைத் தேடும்போது ஒன்று தட்டுப்படும். 60 வயதைத் தாண்டியவர்களில் 8000 ஹெர்ட்ஸ்வரை முழுக்க இயல்பாகக் கேட்பவர் அரிது. நான்கு அதிர்வெண் சராசரி 18 டெசிபல் என்பதால் "இயல்பு" என்று சேர்த்தவருக்கு 8000-ல் 55 இருக்கலாம். அப்படிப்பட்டவர்களை விலக்குவதா, சேர்ப்பதா என்று முன்கூட்டியே முடிவெடுத்து எழுதிவையுங்கள். படம் எடுத்த பிறகு முடிவெடுத்தால், விரும்பிய விடை வரும்படி கை தானாகச் சாயும்.

காது இரைச்சல் (டின்னிட்டஸ்) உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். உள்ளே எப்போதும் "ஙொய்" என்று கேட்டுக்கொண்டிருப்பவரின் ஓய்வு வேறு மாதிரியான ஓய்வு. 25 கேள்விகளும் 100 மதிப்பெண்ணும் கொண்ட டின்னிட்டஸ் ஹேண்டிகேப் இன்வென்டரி போதுமானது. சத்தம் பொறுக்காத தன்மை, மனச்சோர்வு, பதற்றம், வலது கைக்காரரா இடது கைக்காரரா என்பது, படித்த ஆண்டுகள், கேள்திறன் குறைந்து எத்தனை ஆண்டு, ஹியரிங் எய்ட் தினமும் எத்தனை மணி நேரம் என்று எல்லாம் ஒரே தாளில் வரட்டும். நினைவாற்றல் சோதனையில் கேள்வியை வாயால் மட்டும் கேட்டால், காதில் விழாததற்கும் மறந்ததற்கும் வேறுபாடு தெரியாமல் மதிப்பெண் குறையும். கேள்வியை எழுதிக் காட்டும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

இரைச்சல் கணக்கு

ஓய்வுநிலைப் படத்துக்கு எடுக்கும் எக்கோ பிளானர் (மூளையை வேகமாகப் படமெடுக்கும்) வரிசையில், கருவியின் காந்தச் சுருள்கள் விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை அதிர்கின்றன. எதிரொலிகளுக்கு (மூளையிலிருந்து திரும்பி வரும் ரேடியோ சமிக்ஞைகளுக்கு) இடையிலான இடைவெளி 0.5 மில்லிவிநாடி என்றால், ஒரு முழு அதிர்வுக்கு 1 மில்லிவிநாடி ஆகும். அதாவது இரைச்சலின் அடிப்படை 1000 ஹெர்ட்ஸ். உங்கள் கருவியில் அந்த இடைவெளி எவ்வளவு என்பது வரிசையின் அளவுப் பக்கத்திலேயே இருக்கும். அதை விநாடியாக மாற்றி, இரட்டிப்பாக்கி, 1-ஐ அதனால் வகுத்தால் இரைச்சலின் அதிர்வெண் கிடைத்துவிடும். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) கருவியில் இதன் அளவு 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம்.

இனி ஒரு கணக்கு. கருவிக்குள் 110 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இயர்பிளக்கும் மேலே இயர்மஃபும் சரியாகப் போட்டால் 35 டெசிபல்போலக் குறையும். எஞ்சியது 75; ஆடியோகிராம் அளவில் ஏறத்தாழ 70. 1000 ஹெர்ட்ஸில் 10 டெசிபலில் கேட்பவருக்கு அந்த இரைச்சல் அவர் கேள்வரம்புக்கு (அவருக்குக் கேட்கத் தொடங்கும் மிகக் குறைந்த ஒலி அளவு) 60 டெசிபல் மேலே நிற்கும். 55-ல் கேட்பவருக்கு 15 டெசிபல்தான் மேலே. 90-ல் கேட்பவருக்கு எதுவும் கேட்காது. முதுகுக்குக் கீழே மேசை அதிர்வது மட்டும் தெரியும். (பிறவியிலேயே கேளாதவர்களின் செவிப்புலப் புறணி தோலில் உணரும் அதிர்வுக்கும் பதில் தரும். அவர்களை ஆராயும்போது மேசை அதிர்வையும் கணக்கில் சேருங்கள்.)

சராசரியை மட்டும் பதிந்தால் என்ன கெடும் என்பதை இரண்டு ஆடியோகிராம்களை அருகருகே வைத்தால் புரியும். ஒருவருக்கு நான்கு அதிர்வெண்களில் 20, 25, 40, 60. இன்னொருவருக்கு 35, 35, 35, 40. இருவருக்கும் சராசரி 36.25; இருவரும் "மிதமான குறைபாடு". ஆனால் 1000 ஹெர்ட்ஸ் இரைச்சலில் முதலாமவர் இரண்டாமவரைவிட 10 டெசிபல் நன்றாகக் கேட்கிறார். வயதால் வரும் குறைபாடு பெரும்பாலும் முதல் வகைச் சரிவுதான். அதாவது "காது கேளாதவர்" என்று நீங்கள் சேர்த்தவரில் பலர் கருவி இரைச்சலை நன்றாகவே கேட்கிறார்கள். இன்னும் ஒரு முடிச்சு உண்டு. உள்காது பழுதானவர்களுக்கு ஒலி கேட்கத் தொடங்கியதும் சட்டென்று உரக்கக் கேட்கும். ஆகவே 15 டெசிபல் மேலே என்பது அவருக்கு "மெல்லிய சத்தம்" என்றும் கொள்ள முடியாது. படம் முடிந்ததும், "உள்ளே சத்தம் எவ்வளவு இருந்தது, 0 முதல் 10-க்குள் சொல்லுங்கள்" என்று எல்லாரிடமும் கேட்டுப் பதிந்துவிடுங்கள். அரை நிமிட வேலை. பகுப்பாய்வின்போது அதன் அருமை தெரியும்.

இரைச்சல் முடிவை உண்மையிலேயே மாற்றுமா? மாற்றும். 2008-ல் நடீன் காப், ஜான் கேப்ரியெலி, கேரி குளோவர் மூவரும் கருவி இரைச்சலே டிஃபால்ட் மோடு நெட்வொர்க்கை அடக்குகிறது என்று காட்டினார்கள். மனம் தன் போக்கில் உலவும்போது இயங்கும் வலைப்பின்னல் அது. இரைச்சலைக் கேட்பவருக்கு அது அடங்கும், கேட்காதவருக்கு அடங்காது என்றால், இரண்டு குழுக்களையும் ஒப்பிடும்போது கேளாதவரிடம் அது "கூடியது" என்ற விடை எந்த மூளை மாற்றமும் இல்லாமலேயே வந்துவிடலாம்.

செய்யக்கூடியவை மூன்று. எளியது, ஒப்பீட்டுக் குழுவையே இரண்டு முறை படம் எடுப்பது: ஒருமுறை இயர்மஃப் மட்டும் போட்டு, இன்னொருமுறை இயர்பிளக்கும் சேர்த்து. இயர்மஃப் மட்டுமே போட்டாலும் காதைச் சேரும் ஒலி பாதுகாப்பு வரம்புக்குள் இருக்கிறது என்று உங்கள் கருவிப் பொறியாளர் அளந்து சொன்ன பிறகே இதைச் செய்யலாம். இந்த இரண்டு படங்களுக்கும் உள்ள வேறுபாடு இரைச்சலால் மட்டும் வந்தது. அதே இடத்தில், அதே திசையில்தான் நோயாளிகளின் வேறுபாடும் இருக்கிறதென்றால், அது மூளை மாற்றம் என்று சொல்லத் துணியாதீர்கள்.

இரண்டாவது, இரைச்சலின் அதிர்வெண்ணில் அவருடைய கேள்வரம்பைத் தனி மாறியாகச் சேர்ப்பது. மூன்றாவது, சத்தமில்லாத வேறு முறையில் அதே கேள்வியைக் கேட்பது. தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி சத்தம் போடாது. ஒளி கொண்டு அளக்கும் எஃப்நிர்ஸ் முறையும் அப்படித்தான். அதில் காந்தம் இல்லாததால் இம்ப்ளான்ட் வைத்தவரையும் அளக்கலாம். ஆனால் அதன் ஒளி மேலோட்டமாகத்தான் புகும். மடிப்புக்குள் ஆழ்ந்திருக்கும் முதன்மைச் செவிப்புலப் புறணியை எட்டுவது கடினம். எஃப்டிஜி பெட் முறையில், மூளையின் குளுக்கோஸ் பயன்பாட்டைக் காட்டும் கதிரியக்க மருந்தைச் செலுத்திவிட்டு அமைதியான, வெளிச்சம் குறைந்த அறையில் 30 முதல் 40 நிமிடம் உட்காரவைத்துப் பிறகு படம் எடுக்கலாம். படத்தில் தெரிவது பெரும்பாலும் அந்த அமைதி நேரத்தின் மூளை. 2001-ல் தென்கொரிய ஆய்வாளர்கள் இம்ப்ளான்ட் வைக்கும் முன் காது கேளாக் குழந்தைகளிடம் இதைச் செய்தார்கள். செவிப்புலப் புறணியில் குளுக்கோஸ் பயன்பாடு எவ்வளவு குறைவாக இருந்ததோ, அவ்வளவுக்கு இம்ப்ளான்ட் வைத்த பின் கேட்கும் திறன் நன்றாக வளர்ந்தது. அடங்கிக் கிடந்த இடம் வேறு வேலைக்குப் போய்விடாமல் காத்திருந்தது என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். கதிர்வீச்சு இருப்பதால் ஆரோக்கியமானவரை ஒப்பீட்டுக்கு மட்டும் பெட்டில் போட நெறிமுறைக் குழு எளிதில் ஒப்பாது.

ஒவ்வொரு படத்துக்கும் நடுவே 8 விநாடி சத்தமில்லாமல் விடும் வரிசையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஒலி கேட்கவைத்து மூளையைப் பார்க்கும் சோதனைக்கு அது அருமையான முறை. ஓய்வுநிலைக்கு ஒத்துவராது. 10 விநாடிக்கு ஒரு படம் என்றால் 8 நிமிடத்தில் 48 படங்கள்தான், 0.05 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பார்க்க முடியாது.

படம் எடுக்கும் நாள்

ஹியரிங் எய்டைக் கழற்றியதும் அவர் உங்கள் குரலை இழந்துவிடுகிறார். ஆகவே சொல்ல வேண்டியதெல்லாம் கழற்றும் முன் சொல்லி முடிக்க வேண்டும். உள்ளே படுத்த பிறகு இன்டர்காமில் கத்துவதில் பயனில்லை. பெரிய எழுத்தில் தமிழில் ஸ்லைடு தயாரித்துக் கண்ணாடி வழியே தெரியும் திரையில் காட்டுங்கள்: "அடுத்த படம் 8 நிமிடம். கண் திறந்திருக்கட்டும். கூட்டல் குறியைப் பாருங்கள். அசைய வேண்டாம்." சைகை மொழி பேசுபவருக்கு மொழிபெயர்ப்பாளர் கருவி அறை வாசல்வரை உடன் வரட்டும். கையில் கொடுக்கும் ரப்பர் பந்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒருமுறை அழுத்தவைத்தே காட்டுங்கள். தன் குரலும் கேட்காமல், வெளியில் ஆள் இருப்பதும் தெரியாமல் குழாய்க்குள் கிடப்பவருக்கு அந்தப் பந்து ஒன்றுதான் துணை. கண்ணாடி அணிபவருக்குக் காந்தத்துக்கு ஒத்த பிளாஸ்டிக் கண்ணாடி கொடுக்காவிட்டால் திரையும் தெரியாது.

ஹியரிங் எய்ட், அதன் பேட்டரி, மெட்டி, மூக்குத்தி, தாலிச் சங்கிலி, ஹேர்பின், ஊக்கு எல்லாம் வெளியே. தாலியைக் கழற்றத் தயங்குபவரிடம் முதல் நாளே பேசி, மஞ்சள் கயிற்றில் மாற்றி வரச் சொன்னால் அன்று சங்கடம் இருக்காது. கயிற்றில் கோத்திருக்கும் உருக்களும் உலோகம்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இயர்பிளக்கை நீங்களே போட்டுவிடுங்கள். இரண்டு விரலுக்கிடையில் உருட்டி மெல்லிய குச்சிபோல ஆக்கி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே தள்ளி, அது விரிந்து அடைக்கும்வரை 30 விநாடி விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்னாலிருந்து பார்க்கும்போது பிளக்கின் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சரியாகப் போகவில்லை. இருவருக்கு இருவேறு ஆழத்தில் போட்டால், நீங்களே இன்னொரு கேள்திறன் வேறுபாட்டை உண்டாக்கிவிடுகிறீர்கள். "எனக்குத்தான் காது கேட்காதே, எதற்கு இது?" என்று கேட்பவருக்கும் போட்டே தீர வேண்டும். மிச்சமிருக்கும் கேள்திறனைக் காப்பாற்றுவது ஆய்வைவிட முக்கியம்.

வலது நெற்றிப் பொட்டில் ஒரு வைட்டமின் இ மாத்திரையை டேப்பால் ஒட்டுங்கள். டி1 படத்தில் (மூளையின் உடற்கூற்றைத் தெளிவாகக் காட்டும் படம்) அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கோப்புகளை மாற்றும்போது இடம் வலம் புரண்டால் அந்தப் புள்ளி காட்டிக்கொடுக்கும். ஒரு காது ஆய்வில் இது இல்லாமல் இறங்காதீர்கள்.

கண் மூடச் சொல்வதைவிடத் திறந்து குறியைப் பார்க்கச் சொல்வது நல்லது. தூக்கம் பெரிய எதிரி. ஓய்வுநிலைப் படத்தில் மூன்று நிமிடத்துக்குள் மூன்றில் ஒருவர் விழிப்பை இழக்கத் தொடங்குகிறார் என்று 2014-ல் டாலியாசூக்கி, லாஃப்ஸ் இருவரும் காட்டியிருக்கிறார்கள். இரைச்சல் தொந்தரவு இல்லாதவருக்கு உறக்கம் இன்னும் எளிது. கண்ணைக் காட்டும் கேமரா இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் முடிந்ததும் கேட்டுப் பதியுங்கள்.

படத்தின் அளவுகள்

3 டெஸ்லா கருவியில் தொடக்கத்துக்கு ஏற்றவை: ஒரு முழு மூளைப் படத்துக்கு 2 விநாடி, எதிரொலி நேரம் 30 மில்லிவிநாடி, திருப்புக் கோணம் 77 அல்லது 90 பாகை, 3 மில்லிமீட்டர் வோக்ஸல் (படத்தின் மிகச் சிறிய கனத் துண்டு), 64-க்கு 64 கட்டம், 36 துண்டுகள். 240 படங்கள் எடுத்தால் 8 நிமிடம். முடிந்தால் 360 படங்கள், 12 நிமிடம் எடுங்கள். அந்த அளவுவரை நேரம் கூடக்கூட அளவீட்டின் நம்பகம் கூடுகிறது. கூடவே 1 மில்லிமீட்டர் டி1 உடற்கூறுப் படமும், உருச்சிதைவைச் சரிசெய்யும் ஃபீல்டு மேப்பும் தேவை. ஓய்வுநிலைப் படத்தை முதலிலேயே எடுத்துவிடுங்கள். கடைசியில் வைத்தால் ஆள் களைத்து நெளிவார், அல்லது குறட்டை விடுவார்.

கணினியில்

எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஏஎஃப்என்ஐ, டிபாபி, கான், எஃப்எம்ஆர்ஐபிரெப் என எந்த மென்பொருளில் செய்தாலும் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். காந்தமாக்கல் நிலைப்படும்வரை, தொடக்கத்தில் எடுத்த 5 முதல் 10 படங்களை நீக்குங்கள். துண்டு நேரத் திருத்தம், அசைவுத் திருத்தம், டி1 படத்தோடு பொருத்துதல், எம்என்ஐ எனும் பொது மூளை வடிவத்துக்கு மாற்றுதல் ஆகியவை அடுத்து. பிறகு 24 அசைவு மாறிகளையும், வெண்பொருள், மூளைத் தண்டுவட நீர் இரண்டின் சமிக்ஞையையும் கழித்து, நேர்கோட்டுச் சரிவை எடுத்துவிடுங்கள்.

அசைவில் கறாராக இருங்கள். முதியவர்கள் அதிகம் அசைவார்கள். அரை மில்லிமீட்டர் அசைவே அருகிலுள்ள பகுதிகளின் இணைப்பைக் கூட்டியும் தொலைவிலுள்ளவற்றைக் குறைத்தும் காட்டும் என்பது 2012-லேயே பல குழுக்கள் நிறுவியது. அடுத்தடுத்த படங்களுக்கிடையே இடம்பெயர்வு 0.5 மில்லிமீட்டரைத் தாண்டிய படங்களை விலக்குங்கள். மிச்சம் 5 நிமிடத்துக்குக் குறைந்தால் அந்த ஆளையே விலக்குங்கள். இரு குழுக்களின் சராசரி அசைவும் வேறுபடவில்லை என்று காட்டும் எண் கட்டுரையில் இருக்க வேண்டும்.

முழு மூளைச் சமிக்ஞையைக் கழிப்பதா வேண்டாமா என்ற சண்டை ஓயவில்லை. கழித்தால் செயற்கையான எதிர்த் தொடர்புகள் முளைக்கும். கழிக்காவிட்டால் மூச்சும் அசைவும் எல்லா இடத்திலும் கலந்திருக்கும். இரண்டு விதமாகவும் செய்து, இரண்டிலும் நிற்கும் முடிவை மட்டும் நம்புவதே எங்கள் பரிந்துரை.

அளவீடுகள் மூன்று. ஆல்ஃப் என்பது ஒரு வோக்ஸலில் மெதுவான அலையின் வீச்சு. நேரவரிசையை ஃபூரியர் மாற்றம் செய்து, ஒவ்வொரு அதிர்வெண்ணின் ஆற்றலுக்கும் வர்க்கமூலம் எடுத்து, 0.01 முதல் 0.08 ஹெர்ட்ஸ்வரை சராசரி காண வேண்டும். அதே எல்லைக்குள் வரும் வீச்சுகளின் கூட்டுத்தொகையை 0 முதல் 0.25 ஹெர்ட்ஸ் வரையிலான கூட்டுத்தொகையால் வகுத்தால் பின்ன ஆல்ஃப். ரத்தக்குழாய்த் துடிப்பின் கலப்பு இதில் குறைவு. இதற்கு முழு அதிர்வெண்ணும் தேவை. அலைவடிகட்டியை முன்பே போட்டுவிட்டால் வகுக்கும் எண்ணே பொய்யாகிவிடும்.

ரீஹோ என்பது ஒரு வோக்ஸல் தன்னைச் சுற்றிய 26 வோக்ஸல்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு, 0 முதல் 1 வரை. இதைக் கணக்கிட்ட பிறகுதான் 6 மில்லிமீட்டர் மழுங்கடிப்பைச் செய்ய வேண்டும். முதலிலேயே மழுங்கடித்தால் பக்கத்து வோக்ஸல்கள் ஒன்றையொன்று பூசிக்கொண்டு, எல்லாருக்கும் ஒத்திசைவு அதிகம் என்று வரும். மாணவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

மூன்றாவது, விதைப்புள்ளி இணைப்பு. ஹெஷல் மடிப்பின் (முதன்மைச் செவிப்புலப் புறணி இருக்கும் மடிப்பு) சராசரி நேரவரிசையை மற்ற எல்லா வோக்ஸலோடும் ஒப்பிட்டுத் தொடர்புக்கெழு கண்டு, அதைப் புள்ளியியல் சோதனைக்கு ஏற்ற வடிவாக்கும் ஃபிஷர் மாற்றம் செய்ய வேண்டும். அந்த மடிப்பு ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஒரே பக்கத்தில் இரண்டு இருக்கும். ஆகவே பொது வரைபடத்திலிருந்து எடுத்த உருண்டையைவிட, அவரவர் டி1 படத்தில் வரைந்த எல்லையே சிறந்தது.

முடிவுக்குப் போகும் முன் ஒரு சோதனை: ஒப்பீட்டுக் குழுவில் இடது ஹெஷல் மடிப்பில் விதை வைத்தால் வலது ஹெஷல் மடிப்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பிழை உங்கள் வரிசையில்தான். அதைச் சரிசெய்யாமல் நோயாளிப் படத்தைத் திறக்க வேண்டாம்.

புள்ளியியல்

வயதும் கேள்திறனும் கைகோத்தே போவதால், வயதை மாறியாகப் போட்டுக் கழித்தால் தேடும் விளைவும் கூடவே கழிந்துவிடும். ஆட்களைச் சேர்க்கும்போதே வயது, பால், கல்வி மூன்றையும் பொருத்திச் சேருங்கள். முதுமையில் சாம்பல்பொருள் சுருங்குவதால், வோக்ஸல்வாரியாக அதன் அளவையும் மாறியாகச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் செயல்பாடு குறைந்ததாகத் தெரிவது திசு குறைந்ததாக மட்டும் இருக்கலாம்.

திரள் (ஒட்டியிருக்கும் வோக்ஸல்களின் கூட்டம்) அளவை வைத்து முக்கியத்துவம் காணும்போது தொடக்க வரம்பு (p மதிப்பு) 0.001-ஆக இருக்கட்டும். 0.01 போன்ற தளர்ந்த வரம்பில் பொய்யான கண்டுபிடிப்பு மிக அதிகமாக வரும் என்பதை 2016-ல் எக்லண்ட், நிக்கோல்ஸ், க்னுட்சன் மூவரும் உண்மை ஓய்வுநிலைப் படங்களை வைத்தே காட்டினார்கள். 5000 முறை குழுப்பெயர்களைக் கலைத்துப் பார்க்கும் பெர்முடேஷன் முறை அதைவிடப் பாதுகாப்பு. குழுவுக்கு 15, 20 பேர் வைத்துச் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதில் வியப்பில்லை. குழுவுக்கு 40 பேராவது சேர்க்கப் பாருங்கள்.

வந்த விடையைப் படிப்பது

செவிப்புலப் புறணி இருக்கும் மேல் பொட்டுமடல் மடிப்பில் ஆல்ஃப் குறைந்தது என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே "செவிப்புலப் புறணி செயலிழந்தது" என்று எழுதாதீர்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒப்பீட்டுக் குழுவின் இரண்டு படங்களில் இரைச்சல் குறைந்தபோதும் அதே இடம் குறைந்ததா? சாம்பல்பொருளைக் கழித்த பின்னும் நிற்கிறதா? ரத்த ஓட்டத்தை நேரடியாக அளக்கும் ஏஎஸ்எல் படத்திலும் அதே குறைவு தெரிகிறதா? தெரிந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தத்தின் பங்கையும் பார்க்க வேண்டும். கேள்திறன் குறைந்த ஆண்டுகளோடு விளைவு கூடுகிறதா? மூளை மாற்றம் மெல்ல வளர்வது. இரைச்சல் வேறுபாடு ஆண்டுகளைப் பார்க்காது. கேள்வரம்பைக் கழித்த பின்னும் ஆண்டுகளோடு தொடர்பு நின்றால், உங்கள் முடிவுக்கு அதுவே நல்ல சாட்சி.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். காட்சிப் பகுதியோடு செவிப்புலப் புறணியின் இணைப்பு கூடினால் "பார்வை செவியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது" என்று எழுதுவது எளிது. பிறவியிலேயே கேளாதவரின் செவிப்புலப் புறணி பார்வைக்குப் பதில் தருவது உண்மைதான். ஆனால் 2016-ல் எலா ஸ்ட்ரீம்-அமித் என்ற ஆய்வாளரின் குழுவினர் பிறவியிலேயே கேளாதவர்களின் ஓய்வுநிலை இணைப்பை ஆராய்ந்தபோது, ஒலியையே அறியாத அந்தப் புறணியிலும் உயர்சுருதி, தாழ்சுருதிப் பகுதிகளின் அடிப்படை ஒழுங்கு இணைப்பில் தெரிந்தது. பழைய வரைபடம் முழுக்க அழிவதில்லை. அறுபது வயதில் கேள்திறன் குறையத் தொடங்கியவரிடம் இடப்பறிப்பு என்று சொல்ல இன்னும் வலுவான ஆதாரம் வேண்டும்.

ஹியரிங் எய்ட் போட்ட பின் மூளை திரும்புகிறதா என்று பார்க்க விரும்பினால், போடும் முன்னும் ஆறு மாதம் கழித்தும் எடுங்கள். எய்ட் போடாத ஒரு குழுவையும் அதே இடைவெளியில் இருமுறை எடுக்க வேண்டும். எய்டுக்குள்ளேயே பதிவாகும் பயன்பாட்டு மணிக்கணக்கை மென்பொருள் வழியே எடுத்துக்கொள்ளுங்கள். "தினமும் போடுறேன் சார்" என்ற பதிலுக்கும் அந்தப் பதிவுக்கும் பல நேரம் பொருந்தாது.

படம் முடிந்து எழுந்து உட்காரும் பெரியவர் எய்டை மாட்டியதும் கேட்கும் முதல் கேள்வி, "என் மூளை எப்படிங்க இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். குழுவின் சராசரியிலிருந்து ஒருவரின் மூளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். டி1 படத்தை ரேடியாலஜிஸ்ட் பார்த்த அறிக்கையும், ஆடியோகிராமின் பிரதி ஒன்றும், எய்டைச் சரிபார்க்க ஆடியாலஜிஸ்டிடம் அடுத்த தேதியும் அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.